பார்த்திருப்பாள் என்று நினைத்தவளுக்காக ஒரு திறந்த மடல்

நான் கணக்கு வைத்திருக்கும் சமூக ஊடகத்தில், யார் கண்ணில் எது பட வேண்டும் என்று தீர்மானிக்கும் குழுவினருக்கு,

சென்ற மாதம் செயலியைப் புதுப்பித்தீர்கள். திறந்ததும் ஒரு சின்னக் கட்டம் வந்து நின்றது: ‘உங்கள் அனுபவத்தை மேலும் மேம்படுத்தியிருக்கிறோம்.’ அழுத்துவதற்கு ‘சரி’ என்ற ஒரே பொத்தான்தான் இருந்தது. அழுத்தினேன். மூன்று கோடு போட்ட பட்டியலுக்குள் போய், அதற்குள் இன்னொரு பட்டியலுக்குள் போய், நான் தினமும் தேடி எடுக்கும் ‘நண்பர்கள் மட்டும், புதியது முதலில்’ என்ற வரியைக் காணவில்லை. நீங்கள் சொன்ன மேம்பாடு அதுதான் என்று அப்போது புரிந்தது.

ஒரு வரியை எடுத்ததற்கா இவ்வளவு நீள மடல் என்று உங்களுக்குத் தோன்றலாம். அப்படி ஒரு வரி இருப்பதே எனக்குத் தெரியாமல் இருந்த காலத்தில் நடந்ததைச் சொல்கிறேன். கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

எனக்கு ஒரு தோழி. கல்லூரி விடுதியில் மூன்று வருடம் ஒரே அறை. விடுமுறைக்கு என் வீட்டுக்குப் போக முடியாத சூழ்நிலை எனக்கு இருந்தது. அந்த விடுமுறைகளில் அவள் வீட்டில்தான் கிடந்தேன். அவளுடைய அம்மா எங்கள் இருவரையும் முன்னும் பின்னுமாக உட்காரவைத்துத் தலை பின்னிவிடுவார். என் கையெழுத்து முத்துமுத்தாக இருக்கிறது என்று முதன்முதலில் சொன்னவர் அவர்தான். நானும் அவரை அம்மா என்றே கூப்பிட்டேன். வேறு எப்படிக் கூப்பிடுவது என்று யோசித்ததுகூட இல்லை.

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் அந்த அம்மா இறந்துபோனார். தோழி அன்று மதியம் உங்கள் தளத்தில் மூன்று வரி எழுதினாள். “அம்மா இன்று காலை போய்விட்டார். தூக்கத்திலேயே. ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொல்லும் நிலையில் நான் இல்லை, மன்னித்துவிடுங்கள்.” படம் இல்லை.

அந்த மூன்று வரி என்னிடம் வந்து சேரவில்லை.

நான் தளத்துக்கு வராமல் இருந்துவிடவில்லை. அன்றும் மறுநாளும் அதற்கு மறுநாளும் அங்கேதான் இருந்தேன். யாரோ ஒருவர் பழைய நாற்காலியைத் தேய்த்துப் பளபளப்பாக்குவதை முதலிலிருந்து கடைசி வரை பார்த்தேன். முன்பின் தெரியாத இருவர் ஒருவரையொருவர் ஏசிக்கொண்டதை, எதற்காக என்று புரியாமலே, எண்பது கமெண்ட் வரை படித்தேன். வியாழக்கிழமை மாலை, நான் ஜன்னலோரம் வைத்து வளர்க்கும் செடி முதல்முறையாகப் பூத்தது. படம் எடுத்து, “இன்றைக்கு என்னைவிடச் சந்தோஷமான ஆள் உலகத்தில் இருக்க முடியாது” என்று எழுதிப் போட்டேன்.

அது அவளுக்குப் போய்ச் சேர்ந்தது. அம்மா போன மூன்றாம் நாள், அவள் கைபேசியைத் திறந்தபோது நீங்கள் முதலில் காட்டியது என் பூவைத்தான்.

23 நாட்கள் கழித்து நானே அவளைக் கூப்பிட்டேன். பழைய வகுப்புத் தோழி ஒருத்தியின் எண் வேண்டியிருந்தது. எடுத்தாள். குரலில் உயிர் இல்லை. உடம்பு சரியில்லையோ என்று நினைத்துக்கொண்டு, எப்போதும்போல, “அம்மா எப்படிடி இருக்காங்க?” என்று கேட்டேன்.

மறுபக்கம் ஒரு சத்தமும் இல்லை. இணைப்பு போய்விட்டதோ என்று கைபேசியைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன்.

“நீ பார்த்திருப்பேன்னு நெனச்சேன்” என்றாள்.

“எதை?”

கொஞ்ச நேரம் கழித்து, “பூ நல்லா இருந்தது” என்றாள்.

இதைத் தட்டச்சு செய்யும்போதும் என் காது சுடுகிறது. அதன் பிறகு பேசினோம், அழுதோம், அடுத்த வண்டியைப் பிடித்து நான் போனேன். இப்போதும் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். “உன்மேல கோபமெல்லாம் இல்ல. ஆனா அந்தப் பூவ மறக்க முடியலடி” என்று ஒருமுறை சொன்னாள். அதே செடி அதற்குப் பிறகு இரண்டு தடவை பூத்துவிட்டது. நான் படம் எடுக்கவில்லை.

நடந்ததில் என்னை அதிகம் அரிப்பது செய்தி வராமல் போனதுகூட இல்லை. கடிதங்களும் தொலைந்தன, தந்திகளும் தாமதமாயின. ஆனால் கடிதம் போட்டவருக்கு ஒரு சந்தேகம் இருக்கும்: கிடைத்ததோ இல்லையோ. அந்தச் சந்தேகமே இன்னொரு கடிதம் எழுதவைக்கும், யாரிடமாவது சொல்லி அனுப்பவைக்கும். உங்கள் தளத்தில் அந்தச் சந்தேகத்துக்கு இடமே இல்லை. பதிவு போட்டவர் தன் திரையில் அதைப் பார்க்கிறார். அது எல்லார் திரையிலும் அப்படியே நிற்பதாக நினைக்கிறார். ‘பார்த்திருப்பாள்’ என்று எண்ணிக்கொள்கிறார். பார்க்காதவளுக்கோ, பார்க்க ஒன்று இருந்தது என்பதே தெரியாது. ஒருத்தி காத்திருக்கிறாள், இன்னொருத்தி பூவைப் படம் எடுக்கிறாள். இருவரும் ஒருவர்மேல் ஒருவர் வருத்தப்படுகிறார்களே தவிர, நடுவில் நீங்கள் இருந்தது இருவர் நினைவுக்கும் வருவதில்லை. எத்தனை நட்புகளில் இப்படிச் சத்தமில்லாமல் விரிசல் விழுந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அந்த 23ஆம் நாள் எனக்கு ஒரு எண் தேவைப்பட்டிருக்காவிட்டால், நானும் அவளும் இன்றுவரை பேசாமலே இருந்திருப்போம்.

இத்தனை சொன்ன பிறகும் உங்களை ஒரேயடியாகத் திட்ட என்னால் முடியவில்லை. அந்தத் தோழியை எனக்குத் திருப்பிக் கொடுத்ததே நீங்கள்தான்.

விடுதியை விட்டு வந்த சில வருடங்களில் கடிதங்கள் நின்றன. இருவருக்கும் முகவரி மாறியது, பிறகு அவளுக்குப் பெயரின் பின்பாதியும் மாறியது. 22 வருடம் ஒருவரையொருவர் தெரியாது. 2011இல் ஒரு ராத்திரி, தூக்கம் வராமல் உங்கள் தேடல் பெட்டியில் அவள் பெயரின் முன்பாதியை மட்டும் போட்டுப் பார்த்தேன். வரிசையாக வந்த முகங்களில் ஒன்றின் மூக்கு எனக்குத் தெரிந்த மூக்கு. “நீதானா?” என்று ஒரு சொல் அனுப்பினேன். நான்கு நிமிடத்தில் பதில் வந்தது: “நானேதான். எங்கடி போய்த் தொலைஞ்ச?” அன்று விடியும்வரை எழுதிக்கொண்டே இருந்தோம். அடுத்த மாதம் அவள் அம்மாவோடு பேசினேன். என் குரலைக் கேட்டதும், “கையெழுத்து இன்னும் அப்படியே இருக்கா?” என்றார். அந்தக் கேள்வியை நான் கேட்கக் கொடுத்துவைத்ததற்கு உங்களுக்குத்தான் கடன்பட்டிருக்கிறேன். மறைக்கவில்லை.

கடல் கடந்து இருக்கும் என் தம்பி மகள் நடக்கப் பழகியதை நான் பார்த்ததும் உங்கள் வழியாகத்தான். அத்தை என்று அவள் முதலில் கூப்பிட்டது என் படத்தைப் பார்த்து. நேரில் பார்த்தபோது என்னிடம் வராமல் அழுதது வேறு கதை.

என் பங்குத் தவறையும் சொல்லிவிடுகிறேன். 2011க்குப் பிறகு முதல் இரண்டு வருடம் நானும் அவளும் வாரம் ஒருமுறை போனில் பேசுவோம். பிறகு மாதம் ஒருமுறை ஆயிற்று. பிறகு, தினமும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம் என்று ஆகிவிட்டது. அவள் மகன் பட்டம் வாங்கிய படத்துக்கு ஒரு இதயம் போட்டேன். போட்டதும், அவளோடு பேசிவிட்ட நிறைவு வந்துவிட்டது. அந்த நிறைவுதான் பொல்லாதது. கூப்பிட வேண்டும் என்ற உந்துதல் மெல்ல எழும்பும்போதே, ஒரு லைக் அதை அடக்கி உட்காரவைத்துவிடுகிறது. பாராத பயிரும் கேளாத கடனும் பாழ் என்பார்கள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், கேட்கத்தான் மறந்தேன். ஒருவரையொருவர் கண்ணால் காணாமலே உயிர் நட்பு கொண்ட பிசிராந்தையாரும் கோப்பெருஞ்சோழனும் வேறு வார்ப்பு; எங்களுக்கெல்லாம் குரல் வேண்டும். அதை நானாகவே கைவிட்டேன். அந்தக் குற்றத்தை உங்கள் தலையில் கட்ட மாட்டேன். இந்த மடல் உங்கள் பங்கைப் பற்றியது.

உங்கள் இயந்திரத்துக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை என்று என் மகன் சொல்கிறான். “அது அல்காரிதம்மா, அதுக்கு என்ன தெரியும்?” உண்மைதான், அதற்கு நல்ல எண்ணமும் கிடையாது. ஒரு பதிவு வந்ததும், இவர் இதற்கு லைக் போடுவாரா, கமெண்ட் எழுதுவாரா, பகிர்வாரா, எத்தனை விநாடி நின்று பார்ப்பார் என்று ஒவ்வொன்றையும் கணித்து, மதிப்பெண் போட்டு, கூடுதலாக வாங்கியதை மேலே ஏற்றுகிறது. இந்தத் தேர்வில் என் தோழியின் மூன்று வரிக்கு என்ன மதிப்பெண் கிடைத்திருக்கும்? அவள் வருடத்துக்கு நான்கைந்து முறைதான் எழுதுவாள். அன்று படம் இல்லை, காணொளி இல்லை. சாவுச் செய்திக்கு லைக் போட யாருக்குக் கை வரும்? முதலில் பார்த்த சிலர் எதை அழுத்துவது என்று தெரியாமல் தயங்கி நகர்ந்திருப்பார்கள். யாரும் ஒன்றும் செய்யவில்லை, ஆகவே இது முக்கியமில்லை என்று இயந்திரம் முடிவு கட்டியிருக்கும். மனிதர் வாயடைத்துப் போவதும் அக்கறையில்லாமல் இருப்பதும் அதற்கு ஒன்றுதான்.

இந்தச் சங்கடம் உங்கள் துறைக்குத் தெரியாததல்ல. சோகச் செய்திக்கு லைக் பொருந்தாது என்று தெரிந்துதான் பேஸ்புக் 2016 பிப்ரவரியில் சோகம், கோபம் முதலிய முகக்குறிகளைச் சேர்த்தது. அடுத்த ஆண்டே அந்தக் குறிகளுக்கு லைக்கைப்போல் 5 மடங்கு மதிப்பு கொடுத்தார்கள் என்பது 2021இல் வெளிவந்த உள் ஆவணங்களிலிருந்து தெரிந்தது. கோபக் குறிக்கும் அதே 5 மடங்கு! சண்டைகள் ஏன் மேலே ஏறின என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. கோபக் குறியின் மதிப்பைப் பிற்பாடு சுழியமாக்க வேண்டி வந்தது. துக்கத்துக்கு ஒரு பொத்தான் கொடுக்கப் போய், அதையும் மதிப்பெண் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். நீங்கள் என்ன மதிப்பெண் போடுகிறீர்கள் என்று எங்களுக்குச் சொன்னதே இல்லை.

உங்கள் உதவிப் பக்கத்தைப் படித்தேன். ‘பதிவுகள் பெருகிவிட்டன, எல்லாவற்றையும் காட்டினால் முக்கியமானவை உங்கள் கண்ணில் படாமல் போய்விடும், ஆகவே உங்களுக்காகத் தேர்ந்தெடுக்கிறோம்’ என்கிறது. இந்தத் துறை பல வருடமாகச் சொல்லும் காரணம் இது. நேர வரிசையைக் கைவிடப்போவதாக இன்ஸ்டாகிராம் 2016 மார்ச்சில் அறிவித்தபோது, மக்கள் தங்கள் பக்கத்துக்கு வரும் பதிவுகளில் சராசரியாக 70 சதவீதத்தைத் தவறவிடுகிறார்கள் என்றது. அங்கே அது சரியாகவே இருக்கட்டும். என் கணக்கில் சரிதானா என்று எண்ணிப் பார்த்தேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள், நேரம் இருக்கிறது.

ஒரு வாரம், தினமும் காலையில் திறந்து, முதலில் வரும் 50 பதிவுகளைக் காகிதத்தில் கோடு போட்டுக் குறித்துக்கொண்டேன். ஏழு நாளில் 350. அதில் 79 விளம்பரம். 233 நான் பின்தொடராத, எனக்குத் தெரியாத ஆட்களுடையவை. என் நண்பர்கள் எழுதியவை 38. அந்த 38இல் 21 ஒரே ஆளுடையவை. என்னோடு வேலை பார்த்தவர், காலை, மதியம், இரவு என்று மூன்று வேளையும் வணக்கம் வைப்பவர். தங்கமான மனிதர். ஆனாலும்.

அதோடு விடவில்லை. எனக்கு உங்கள் தளத்தில் 138 நண்பர்கள். மனிதரால் உறவாகப் பேணக்கூடியவர்களின் எண்ணிக்கை ஏறக்குறைய 150 என்று மானிடவியல் அறிஞர் ராபின் டன்பர் 1990களில் சொன்ன கணக்குக்கு உட்பட்டவள்தான் நான். ஆயிரக்கணக்கில் சேர்த்துக்கொண்டு திணறுபவள் இல்லை. 138 பேரின் பக்கத்துக்கும் ஒவ்வொன்றாகப் போனேன். இரண்டு மாலை பிடித்தது. அந்த வாரம் அவர்கள் எல்லோரும் சேர்ந்து எழுதியது 94 பதிவு. ஒரு நாளைக்குப் பதினான்குகூட இல்லை! பத்து நிமிடத்தில் அத்தனையும் படித்துவிட்டு, கைபேசியைக் கீழே வைத்துவிட்டுப் போயிருப்பேன். கீழே வைத்துவிடுவேன் என்பதுதான் உங்களுக்குச் சிக்கல் என்று நினைக்கிறேன். 94 பதிவு பெருவெள்ளமா? அதில் 38ஐக் கொடுத்துவிட்டு 233 அந்நியர்களைக் கொண்டுவந்து கொட்டியவர்கள், ‘பதிவுகள் பெருகிவிட்டன’ என்று என்னிடம் சொல்லலாமா?

என் காகிதக் கணக்கை நீங்கள் நம்ப வேண்டாம். அமெரிக்காவில், பேஸ்புக்கையும் இன்ஸ்டாகிராமையும் நடத்தும் மெட்டா நிறுவனத்தின் மீது நடந்த ஏகபோக வழக்கின் விசாரணையில், 2025 ஏப்ரலில், அந்த நிறுவனமே ஒரு கணக்கைக் காட்டியது. பேஸ்புக்கில் மக்கள் செலவிடும் நேரத்தில் நண்பர்களின் பதிவுகளைப் பார்ப்பது 17 சதவீதம், இன்ஸ்டாகிராமில் 7 சதவீதம். இதை அவர்கள் வெட்கத்தோடு சொல்லவில்லை, வாதமாகவே வைத்தார்கள்: நாங்கள் இப்போது நண்பர்களை இணைக்கும் தொழிலில் மட்டும் இல்லை, காணொளித் தளங்களோடு போட்டியிடுகிறோம் என்று. அதே ஆண்டு நவம்பரில் வந்த தீர்ப்பும் அவர்களுக்குச் சாதகமாகவே அமைந்தது. நல்லது. நீதிமன்றத்தில் ஒரு துறை தன்னைப் பற்றி உண்மை பேசியிருக்கிறது. உங்கள் நுழைவுப் பக்கத்தில் மட்டும் ‘அன்பானவர்களோடு எப்போதும் இணைந்திருங்கள்’ என்று இன்னும் இருக்கிறது. எந்த வாக்கியத்தை நம்பி நான் கணக்குத் தொடங்கினேன் என்று உங்களுக்குத் தெரியும்.

“பதிவை நாங்கள் நீக்கவில்லையே, அவர் பக்கத்தில் இருக்கத்தானே செய்தது” என்று நீங்கள் சொல்லக்கூடும். இருந்தது. 23 நாளும் இருந்தது. தினமும் 138 வீட்டுக் கதவைத் தட்டி ‘உங்கள் வீட்டில் துக்கம் ஏதும் உண்டா?’ என்று விசாரித்துக்கொண்டு போக யாரால் முடியும்? அந்த வேலையை மிச்சப்படுத்துவதாகச் சொல்லித்தானே முகப்புப் பக்கம் என்று ஒன்றை வைத்தீர்கள்?

பிடிக்காவிட்டால் வெளியேறிவிடலாமே என்பவர்களும் உண்டு. என் மகனே அப்படித்தான் சொன்னான். செய்து பார்த்தேன். தோழியைப் பார்த்துவிட்டு வந்த கையோடு செயலியை நீக்கினேன். 40 நாள் தாக்குப்பிடித்தேன். முதல் வாரம் விரல் தானாகவே அந்த இடத்தைத் தேடிப் போனது. அதன் பிறகு நிம்மதி, நல்ல தூக்கம். பழைய நாற்காலி மனிதரை ஒருநாள்கூட நினைக்கவில்லை. ஆனால் அந்த 40 நாளில், எங்களுக்குப் பாடம் எடுத்த ஆசிரியை ஒருவருக்கு நினைவுக் கூட்டம் நடந்து முடிந்தது. மாணவிகள் முப்பது பேர் கூடியிருக்கிறார்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை. “குழுவில் போட்டிருந்தோமே” என்றார்கள். சொல்ல வேண்டியதையெல்லாம் எல்லோரும் உங்களிடம் மட்டுமே சொல்லிவிட்டுப் போகும் உலகத்தில், உங்களை விட்டு விலகுபவள் மனிதர்களையும் விட்டு விலகியவள் ஆகிறாள். வேறு தளத்துக்குப் போகலாம் என்றால் 138 பேரையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போக வேண்டும். உங்களுக்கும் இது தெரியும். தெரிந்துதான், ‘பிடிக்காவிட்டால் போ’ என்பதுபோல் நடந்துகொள்கிறீர்கள்.

நாற்பத்தோராம் நாள் திரும்பி வந்தேன். என் மகன் தேடிப் பிடித்து அந்த ‘நண்பர்கள் மட்டும், புதியது முதலில்’ என்ற வரியைக் காட்டினான். இரண்டு பட்டியலுக்குள் ஒளிந்திருந்தது. ஒவ்வொரு முறை செயலியை மூடித் திறக்கும்போதும் பழையபடி மாறிவிடும். ஒவ்வொரு முறையும் உள்ளே போய் எடுக்க வேண்டும். எடுத்தேன், இரண்டு வருடம், ஒருநாள் தவறாமல். பூட்டிய கதவைத் திறந்து திறந்து சலித்ததில்லை, ஏனென்றால் அந்தப் பக்கம் என் மனிதர்கள் இருந்தார்கள். அந்தக் கதவைத்தான் சென்ற மாதம் செங்கல் வைத்து அடைத்தீர்கள்.

திரும்பக் கொடுக்க முடியாது என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். 2016இல் நேர வரிசையைக் கைவிட்ட இன்ஸ்டாகிராமே 2022 மார்ச்சில் அதை ஒரு தெரிவாகத் திரும்பக் கொண்டுவந்தது. பேஸ்புக் 2025 மார்ச்சில் நண்பர்களின் பதிவுகளுக்கென்றே ஒரு தனிப் பக்கத்தைச் சில நாடுகளில் தொடங்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டம், அங்கே மாதம் 4.5 கோடிப் பயனர்களுக்கு மேல் உள்ள தளங்கள், பயனரின் விருப்பங்களையும் பழக்கங்களையும் அலசிப் பரிந்துரைக்காத ஒரு தெரிவையாவது கொடுத்தே ஆக வேண்டும் என்கிறது; அதன் 38ஆம் பிரிவு. 2025 அக்டோபரில் ஆம்ஸ்டர்டாம் நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. பயனர் அப்படித் தேர்ந்தெடுத்தால், செயலியை மூடித் திறந்தாலும் அந்தத் தேர்வு மாறாமல் நிற்க வேண்டும் என்று மெட்டாவுக்கு உத்தரவிட்டது. அதைப் படித்தபோது, இரண்டு வருடம் தினமும் அந்தப் பட்டியலைத் திறந்த என் கட்டைவிரலுக்காக யாரோ வாதாடியதுபோல் இருந்தது. ஆக, இது தொழில்நுட்பக் கஷ்டம் இல்லை. சட்டம் துரத்தும் இடத்தில் உங்கள் துறையால் முடிகிறது. துரத்தாத இடத்தில் இருப்பவர்களுக்கும் தோழிகள் உண்டு.

நான் கேட்பவை இவை.

சென்ற மாதம் எடுத்ததைத் திருப்பிக் கொடுங்கள். பட்டியலுக்குள் பட்டியலாக ஒளித்துவைக்காமல், முகப்பிலேயே, எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கும் புரியும் பெயரோடு வையுங்கள். நான் ஒருமுறை தேர்ந்தெடுத்தால், நானாக மாற்றும்வரை அது மாறக்கூடாது. விளம்பரத்தை வேண்டுமானால் நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பிழைப்பில் மண்ணைப் போட எனக்கு ஆசையில்லை. அந்நியர்களை மட்டும் வெளியே நிறுத்துங்கள்.

இரண்டாவதுதான் எனக்கு மிக முக்கியம். பதிவு போட்டவருக்கு உண்மையைச் சொல்லுங்கள். ‘உங்கள் 112 நண்பர்களில் 9 பேருக்கு இது காட்டப்பட்டிருக்கிறது’ என்று ஒரே ஒரு வரி போதும். யார் பார்த்தார், யார் பார்க்கவில்லை என்ற வேவு வேண்டாம், எண்ணிக்கை போதும். அந்த ஒரு வரி அன்று என் தோழிக்குக் கிடைத்திருந்தால், ‘பார்த்திருப்பாள்’ என்று நினைத்திருக்க மாட்டாள். எனக்கோ, என்னைத் தெரிந்த யாருக்கோ ஒரு போன் போட்டிருப்பாள்.

மூன்றாவது, சாவு, நோய், பிறப்பு, விபத்து போன்ற செய்திகளை, ‘என் நண்பர்கள் எல்லோருக்கும் தவறாமல் காட்டு’ என்று எழுதுபவரே குறிக்க வழி செய்யுங்கள். மூன்று வேளை வணக்கம் வைப்பவர்கள் அதைத் தவறாகப் பயன்படுத்துவார்கள் என்று பயந்தால், வருடத்துக்கு ஐந்து முறை என்று வரம்பு வையுங்கள். எது முக்கியம் என்று ஆண்டு முழுவதும் நீங்கள் தீர்மானிக்கிறீர்கள். ஐந்து முறை அவரவர் தீர்மானித்துக்கொள்ளட்டும்.

கடைசியாக, ஒரு மனிதரின் பதில். இது பற்றி உங்கள் புகார்ப் படிவத்தில் மூன்று முறை எழுதிவிட்டேன். மூன்று முறையும் ஒரே பதில், எழுத்துப் பிசகாமல்: ‘உங்கள் கருத்துக்கு நன்றி. அது எங்களுக்கு மிகவும் மதிப்புவாய்ந்தது.’ அந்தச் செவ்வாய்க்கிழமைப் பதிவு ஏன் எனக்குக் காட்டப்படவில்லை, என் பூ ஏன் அவளுக்குக் காட்டப்பட்டது என்ற இரண்டு கேள்விக்கும் 30 நாட்களுக்குள் எழுத்தில் விளக்கம் வேண்டும். எழுதுபவர் தன் பெயரைப் போட்டு எழுதட்டும்.

பதிலை மின்னஞ்சலில் அனுப்புங்கள். உங்கள் தளத்தில் பதிவாகப் போட்டால் என் கண்ணில் படாமல் போகலாம்.

இப்படிக்கு,
உங்கள் தளத்தில் 138 நண்பர்கள் உள்ள ஒரு பயனர்